கோஆக்சியல்: இணையச்சா, ஓரச்சா?

பாடக்குறிப்பாளர்: மின்னணுவியல் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். டிவிக்குச் சிக்னல் கொண்டுவரும் 'கோஆக்சியல் கேபிள்' என்பதை எனக்கு முன் எழுதியவர் 'இணையச்சு வடம்' என்று குறித்திருக்கிறார். 'ஓரச்சு வடம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எது பொருந்தும்? இச்சொல் கேபிளுக்கு மட்டுமே உரியதா?

இயற்பியல் ஆசிரியர்: 'இணையச்சு' வேண்டாம். பதினோராம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் பாடத்தில் வரும் இணையச்சுத் தேற்றம், இடைவெளி விட்டு ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் இரண்டு அச்சுகளைப் பற்றியது. இங்கேயோ இருப்பது ஒரே அச்சுதான். சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் இது விளங்கும்: மணி முள்ளைத் தாங்கும் குழாய்க்குள் நிமிட முள்ளின் தண்டு நுழைந்திருக்கும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றாலும் சுழலும் நடுக்கோடு ஒன்றே. நம் கடற்படையிடம் உள்ள காமோவ் கா-31 ஹெலிகாப்டரின் இரு சுழலிகளும் அப்படியே மேலும் கீழுமாக ஓரச்சில் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒன்றின் முறுக்குவிசையை மற்றது ஈடுசெய்வதால் அதற்கு வால் சுழலி தேவைப்படுவதில்லை.

கேபிள் வேலை பார்ப்பவர்: நாங்கள் 'கோஆக்ஸ்' என்றுதான் சொல்கிறோம், ஆனால் பொருள் கையிலேயே தெரியும். மேலுறையைக் கத்தியால் வகிர்ந்தால் பின்னல் கம்பி, அதற்குள் அலுமினியத் தாள், அதற்குள் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், நட்டநடுவில் கம்பி. பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் போய்விடும். டிவி கேபிளின் 75 ஓம் என்ற அளவு, அதாவது சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு, நடுக்கம்பியின் விட்டத்துக்கும் வெளிக்கடத்தியின் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் இடையிலுள்ள பிளாஸ்டிக்கையும் பொறுத்தது. சுவர் மூலையில் கேபிளைச் சட்டென்று மடக்கி ஆணி அடித்தால் நடுக்கம்பி ஒருபக்கம் ஒதுங்கிவிடும். அந்த இடத்தில் இந்த அளவு மாறி, சிக்னலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். ஆகவே ஓரச்சு என்பது வெறும் பெயரன்று, வேலைக்கான நிபந்தனை.

பாடக்குறிப்பாளர்: 'ஓரச்சு' என்றே வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் ஹெவிசைட் 1880இல் இங்கிலாந்தில் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றதையும் குறிப்பில் சேர்க்கப்போகிறேன். ஒரு ஐயம்: அப்படியானால் 'பொதுமையம்' என்பதும் இதுவும் ஒன்றா?

கணக்கு மாணவி: கேபிளைக் குறுக்கே வெட்டினால் தெரிவது பொதுமைய வட்டங்கள், நீளவாக்கில் அவற்றின் மையங்களை எல்லாம் கோக்கும் கோடுதான் அச்சு. ஆனால் வடிவியலில் இதே ஆங்கிலச் சொல்லால் குறிக்கப்படும் வட்டத் தொகுதியின் மையங்கள் வெவ்வேறானவை. அங்கே பொதுவாக இருப்பது ஒரு நேர்கோடு. வட்டங்களுக்கு வெளியே அக்கோட்டில் உள்ள எந்தப் புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைந்தாலும் அத்தொகுதியின் எல்லா வட்டங்களுக்கும் அவை சம நீளமாக அமையும். உங்கள் குறிப்பில் இவ்வட்டங்கள் வந்தால் அங்கு மட்டும் 'பொது அச்சு வட்டங்கள்' என்று பிரித்து எழுதிவிடுங்கள்.