கெளுத்தி வளர்ப்போருக்கான சொற்பட்டியல்: தலைச்சொல்லிலும் தண்ணீரிலும் சிக்கல், உதவி தேவை

காட்பாடி கெளுத்தி எழுதியது:

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் கெளுத்தி இன மீன்களைத் தொட்டியில் வளர்க்கிறவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சைக்கிளிங் என்றால் என்ன, ஜி.எச். என்றால் என்ன, எல் 46 எந்த மீன் என்று புதியவர்கள் கேட்கும்போதெல்லாம் மூத்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தான் இதைத் தொடங்கினேன். பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியில் மூன்று முடிச்சுகள்.

கடையில் எல்லோரும் கேட்பது 'சக்கர்', 'டேங்க் கிளீனர்', 'சுறா'. நானோ 'உறிஞ்சுவாய்க் கெளுத்தி' என்று தலைச்சொல் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்தது பெரிய தலைவலி. கைக்குக் கை சுற்றிவரும் ஒரு பழைய பட்டியலில், டி.டி.எஸ்.சை (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவை) வைத்து இப்படி ஒரு பதிவு இருக்கிறது: "கடின நீர்: டி.டி.எஸ். அதிகமுள்ள நீர். கெளுத்திக்கு ஆகாது." இதை நம்பிக் குடியாத்தம் நண்பர் ஒருவர் தொட்டி முழுவதையும் கேன் தண்ணீருக்கு மாற்றிவிட்டார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது பி.எச். 6-க்குக் கீழே போய்விட்டது; கோரி மீன்கள் (கோரிடோராஸ் என்னும் சின்னக் கெளுத்திகள்) மீசையைக் கூட அசைக்காமல் மூலையில் ஒட்டிக் கிடக்கின்றன. இந்தப் பதிவை எப்படித் திருத்தி எழுதுவது? அவர் தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

மூன்றாவது, கோரிடோராஸ் பெயர்கள் எல்லாம் மாறிவிட்டனவாமே. பழைய பெயரை வைப்பதா, புதியதையா?

ராணிப்பேட்டை மீன்கடை எழுதியது:

தம்பி, கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். வாடிக்கையாளர் வாயில் வருகிற சொல்தான் தலைச்சொல். 'டேங்க் கிளீனர் ஒரு ஜோடி கொடுங்கள்' என்று கேட்கிறவர் வீட்டுக்குப் போய் 'ட' வரிசையில்தான் தேடுவார். உங்கள் 'உறிஞ்சுவாய்' நல்ல தமிழ்தான், அதை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி டீச்சர் எழுதியது:

கடை அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 'டேங்க் கிளீனர்' என்று பெரிய எழுத்தில் போட்டால் அந்தப் பொய்க்கு நாமே முத்திரை குத்தியது போலாகிவிடும். இருந்தும் எல்லோரும் தேடுவது அந்தச் சொல்லைத்தான் என்பதால் தலைச்சொல் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் முதல் வரியிலேயே அதை மறுத்துவிட வேண்டும். "இது தொட்டியைச் சுத்தம் செய்யாது. பாசியைச் சுரண்டும், தின்றதை நூல் நூலாகக் கழிவாக விடும், விரல் நீளத்தில் வாங்கியது 40 சென்டிமீட்டரைத் தாண்டும்." அதன் பிறகு குடும்பப் பெயர், சொந்த ஊர் தென் அமெரிக்கா என்பதெல்லாம். பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ கோட்டை அகழியிலோ கொண்டுபோய் விடக் கூடாது என்பதும் அதே பதிவில் இருக்க வேண்டும். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று மூன்று மாநில நீர்நிலைகளிலும் இந்த மீன் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

'சுறா'வுக்கும் இதே மருந்துதான். கடையில் சுறா என்று விற்கப்படுவது பங்காசியஸ் என்ற கெளுத்தி. தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து ஆற்று மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியதை இரண்டடித் தொட்டிக்கு விற்கிறார்கள்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். அந்தப் பழைய பதிவில் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியில் உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது. அதற்குள் போகும் போர் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் இரண்டு டம்ளரில் பிடித்து மீட்டரை விட்டால், டி.டி.எஸ். ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் ஜி.எச்., அதாவது கடினத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டால் முதல் டம்ளரில் சொட்டு மேல் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டாவதில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிடும். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விட்டுவிடுகிறது. உப்பின் மொத்த அளவு குறையவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைப் பார்த்துத் தலைகளை எண்ணும். யார் எவர் என்று அதற்குத் தெரியாது.

நம் மாவட்டத்துக்கு இது ஏட்டுப் பாடமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியதும், அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடுவது சாதாரண உப்பு. அந்த உப்பு கலந்த கிணற்றில் டி.டி.எஸ். ஏறும், அதை வைத்துக் கடினத்தன்மையைச் சொல்ல முடியாது. பாறைப் பகுதிப் போர் தண்ணீரில் டி.டி.எஸ். ஏறினால் அதில் பெரும்பங்கு கால்சியமாக இருக்கலாம். மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணாக வரலாம், மீனுக்கு இரண்டும் ஒன்றல்ல.

எனவே மூன்று பதிவு வையுங்கள். ஜி.எச்.: கால்சியம், மக்னீசியம் அளவு, ஒரு டிகிரி என்பது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். கே.எச்.: கார்பனேட்டு, பி.எச். சரியாமல் முட்டுக் கொடுப்பது. டி.டி.எஸ்.: கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு முதல் இரண்டும் சேர்ந்து உண்டாக்குவது என்று ஒரு வரி சேர்த்தால் சமையலறையில் நிற்பவருக்கும் புரியும்.

குடியாத்தம் 2 அடி தொட்டி எழுதியது:

அந்த நண்பர் நான்தான். டீச்சர், என் மீன்களுக்கு வழி சொல்லுங்கள். சமையல் சோடா போட்டால் பி.எச். ஏறும் என்கிறார்கள். ஒரே மூச்சாகப் பழைய போர் தண்ணீருக்கே திரும்பிவிடட்டுமா?

சத்துவாச்சாரி டீச்சர் எழுதியது:

தம்பி, இரண்டையும் இன்றைக்குச் செய்ய வேண்டாம். முதலில் அம்மோனியா சோதனை.

காரணம் இதுதான். பில்டரில் இருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைக் கே.எச். தாங்கிக்கொள்ளும். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் கே.எச். ஏறக்குறைய இல்லை. தாங்க ஆளில்லாமல் பி.எச். சரிந்தது. பி.எச். 6-க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவின் வேலையும் படுத்துவிடும். ஆகவே உங்கள் தொட்டியில் இப்போது அம்மோனியா சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குறைந்த பி.எச்.சில் அதில் பெரும்பங்கு அம்மோனியமாக, அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் அடங்கியிருக்கும். நீங்கள் திடீரென்று போர் தண்ணீரை ஊற்றி பி.எச்.சை 8-க்குத் தூக்கினால் அது நச்சாக விழித்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-இல் மொத்தத்தில் 1 சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது, பி.எச். 8-இல் 7 சதவீதத்துக்கு மேல். மீன் செத்த பிறகு 'போர் தண்ணீர்தான் கொன்றது' என்று எல்லோரும் சொல்வார்கள்.

தீனியை நிறுத்துங்கள். காற்று பம்பைக் கூட்டி வையுங்கள். கேன் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து, தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். மறுநாள் அம்மோனியா, பி.எச். இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த பங்கு. அம்மோனியா இறங்க இறங்கப் போர் தண்ணீரின் பங்கைக் கூட்டலாம். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.

காவிரி கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் முடிவில் அதையே பயன்படுத்தலாம். குளோரினுக்கு மட்டும் கடையில் கிடைக்கும் ஹைப்போ போட வேண்டும்.

வாலாஜா கோரி எழுதியது:

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 2024-இல் வந்த ஆய்வில் கோரிடோராஸ் என்ற பெரும் பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். நாம் வைத்திருக்கும் பெப்பர் கோரி இப்போது ஹாப்ளிசோமா பேலியாட்டம். பாண்டா கோரியும் ஹாப்ளிசோமாதான். வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் ஆகிவிட்டது. இதற்குப் பதற வேண்டியதில்லை. பெப்பர் கோரி டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன். 1842-இல் பெயர் வைத்தபோது அது கேலிக்திஸ், பிறகு கோரிடோராஸ், இப்போது இது. மீன் ஒருமுறைகூடக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

'கோரி' என்று தலைச்சொல் வைத்து, உள்ளே புதுப் பெயர், "பழைய நூல்களில் கோரிடோராஸ்" என்று இரண்டையும் கொடுங்கள். பழைய பெயரைத் தூக்கி எறிந்தால், இதுவரை எழுதப்பட்ட எல்லா வளர்ப்புக் குறிப்புகளும் புதியவர் கைக்கு எட்டாமல் போகும்.

எல்-எண் வேறு வகை. பெயரிடப்படாத உறிஞ்சுவாய் மீன்கள் வரத்து அதிகமானபோது, 1988-இல் ஒரு ஜெர்மன் மீன் இதழ் படம் போட்டு எண் கொடுக்கத் தொடங்கியது. எல் 46, பிரேசிலின் ஷிங்கு ஆற்று வரிக்குதிரை பிளெக்கோ என்னும் உறிஞ்சுவாய் மீன். 1991-இல் அறிவியல் பெயர் வந்த பிறகும் எண்ணே நிலைத்துவிட்டது. ஒரே மீனுக்கு இரண்டு எண் உண்டு: எல் 1, எல் 22 இரண்டும் ஒன்றுதான். எனவே "எல்-எண் என்பது அடையாளச் சீட்டு, இனப்பெயர் அல்ல" என்று எழுதுங்கள். தொட்டியில் கலந்து பிறந்த குஞ்சுக்கு எல்-எண் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னொன்று. நம் ஊர் வெயிலுக்கு என்று 'குடல் சுவாசம்' பதிவைச் சேருங்கள். கோரி விருட்டென்று மேலே ஓடி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பும். பின்குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எப்போதாவது செய்தால் அது அதன் இயல்பு. கூட்டமே மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரில் காற்று போதவில்லை. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். பெப்பர் கோரியோ குளிர்ச்சியை விரும்பும் மீன். அக்கினி நட்சத்திரத்தில் மூடியைத் திறந்து, ஒரு சின்ன விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

காட்பாடி கெளுத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய பதிவுகளில் சில கீழே. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

*கடின நீர்:* கால்சியம், மக்னீசியம் மிகுந்த நீர். ஜி.எச். சோதனையால் அறிய வேண்டும், டி.டி.எஸ். மீட்டரால் அல்ல. தொட்டியில் பிறந்து வளர்ந்த கோரியும் பிரிஸில்நோஸும் (சிறிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி) ஓரளவு கடின நீருக்குப் பழகிக்கொள்ளும். டாங்கனிக்கா ஏரியின் குயில் கெளுத்திக்கு இதுவே பிடித்த நீர். தண்ணீரை ஒரே நாளில் மாற்றக் கூடாது.

*குயில் கெளுத்தி:* தன் முட்டைகளை சிக்லிட் மீனின் முட்டைகளோடு கலந்துவிட, சிக்லிட் தாய் அவற்றையும் வாயில் வைத்து அடைகாக்கும். முதலில் பொரிக்கும் கெளுத்திக் குஞ்சு, தாயின் வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

*பூட்டு முள்:* மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் உள்ள விறைத்த முள். பயந்தால் விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவால் முகந்து எடுக்க வேண்டும். பஸ்ஸில் கொண்டுவரும்போது கவரைக் குத்திவிடும், இரட்டைக் கவர் கேட்டு வாங்குங்கள். நம் ஏரித் தேளியின் முள்ளில் நஞ்சும் உண்டு.

வாலாஜா கோரி எழுதியது:

பூட்டு முள் பதிவு அருமை. அதனோடு 'கவசத் தகடு' என்று ஒன்று. கோரிக்குச் செதில் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு வரிசைத் தகடுதான். பல கெளுத்திகளுக்கு அதுவும் இல்லை, வெறும் தோல். வெண்புள்ளி நோய்க்கான மருந்தையும் உப்பையும் மற்ற மீன்களுக்குப் போடும் அளவிலேயே போட்டுவிடக் கூடாது என்பதை அங்கே எழுதுங்கள்.

குடியாத்தம் 2 அடி தொட்டி எழுதியது:

அம்மோனியா இறங்கிக்கொண்டிருக்கிறது, பி.எச். 6.4. இரண்டு கோரி போய்விட்டன. மற்றவை இன்று மணலைக் கிளறின. டீச்சருக்கு நன்றி. அந்தப் பழைய பட்டியலை யாராவது அனுப்பினால் உடனே அழித்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை மீன்கடை எழுதியது:

தம்பி, 'டேங்க் கிளீனர்' பதிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள், கல்லாவுக்கு மேலே ஒட்டுகிறேன். 'சுறா' பதிவை மட்டும் இப்போது தொட்டியில் இருக்கும் குஞ்சுகள் விற்ற பிறகு ஒட்டுகிறேனே.

சத்துவாச்சாரி டீச்சர் எழுதியது:

விற்பதற்கு முன்னால் ஒட்டுங்கள் அண்ணா.