வாடகை வீட்டுக் கயாக்: விருந்தினருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு?

கரைவீடு:
ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இரண்டு கயாக் (குறுகலான சிறு துடுப்புப் படகு), ஒரு பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் மிதவைப் பலகை) கொட்டகையில் இருக்கும். பூட்டியதே இல்லை. போன வாரம் தங்கியிருந்த ஒருவர் தன் 8 வயதுப் பையனை ஏற்றிக்கொண்டு கயாக்கில் கிளம்பிவிட்டார். லைஃப் ஜாக்கெட்டுகள் ஆணியில் தொங்கியபடியே இருந்தன. மதியம் காற்று மாறியதும் துடுப்புப் போட்டும் திரும்ப முடியாமல் எதிர்க்கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். காரில் போய்க் கூட்டி வந்தேன். அந்தப் பையன் நனைந்த சட்டையோடு பேசாமல் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது.

"சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்று பலகை வைத்திருக்கிறேன். அது போதுமா? எது நடந்தாலும் என் மேல் பொறுப்பில்லை என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் நான் தப்பலாமா?

பழைய_கோப்பு:
இன்சூரன்ஸ் இழப்பீட்டுக் கோப்புகளைப் பல வருடம் பார்த்தவன். பலகை போதாது. முதலில் உங்கள் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற பகுதியைப் படியுங்கள். வீட்டு பாலிசி பெரும்பாலும் குடும்பம் வசிக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. வாடகைக்கு விடுவது தொழில் என்று சொல்லிக் கையை விரித்துவிடலாம். விருந்தினர் ஓட்டும் துடுப்புப் படகுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். போனில் "உண்டு சார்" என்று சொன்னது பின்னால் உதவாது. கயாக்குக்குத் தனிக் கட்டணம் வாங்கினால் அதையும் சொல்லிவிடுங்கள். மோட்டார் வைத்த எதுவும் வேறு கதை, அதற்குத் தனி பாலிசி பாருங்கள்.

கையெழுத்து வாங்குங்கள், ஆனால் அதைக் கவசமாக நினைக்காதீர்கள். ஆபத்தை எடுத்துச் சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். உங்கள் பக்கம் கடுமையான அலட்சியம் இருந்தால் பல இடங்களில் அந்தக் காகிதம் நிற்காது. குழந்தைக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்தும் பல நாடுகளில் குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீல்தான் வாசகத்தை எழுத வேண்டும்.

துடுப்புக்காரி:
எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் வாடகைக்கு விடுகிறேன். கொட்டகைக்கு எண் பூட்டு போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, என்னோடு பத்து நிமிடம் கரையில் நின்ற பிறகுதான் எண்ணைச் சொல்வேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் பாதி காற்றைப் பற்றித்தான். கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏமாந்துவிடுவோம். மரங்களின் மறைப்பைத் தாண்டியதும் அது தள்ளிக்கொண்டே போகும். உங்கள் விருந்தினருக்கும் அதுதான் நடந்திருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். அதில் மிதக்கவைக்கும் விசை நியூட்டன் கணக்கில் இருக்கும். 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உதவி இருக்கும்போது. நீந்தத் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 100 வேண்டும். குழந்தைக்கு எடை பார்த்து அளவு எடுங்கள்; பெரியவருடையதைப் போட்டால் தலைவழியாகக் கழன்றுவிடும். பேடில் போர்டை நம் காலோடு கட்டும் கயிறு அசையாத தண்ணீருக்குச் சரி. ஓடும் தண்ணீரில் எதிலாவது சிக்கினால் எட்டி அவிழ்க்க முடியாது, அங்கே சட்டென்று கழலும் இடுப்புக் கயிறுதான்.

ஒவ்வொரு குழு போன பிறகும் எல்லாவற்றையும் பார்த்து, தேதியோடு படம் எடுத்து வைக்கிறேன். விரிசல் கண்டால் அன்றே அது வெளியே.

பழைய_கோப்பு:
அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். விரிசல் தெரிந்தும் கொடுத்தீர்கள் என்று நிரூபணமானால் வேறு எதுவும் காப்பாற்றாது.

விருந்தாளி:
தங்கப் போகிறவளாக ஒன்று சொல்கிறேன். நான்கு பக்கக் காகிதத்தை நாங்கள் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் போடுவோம். ஒரு வீட்டில் அந்த அம்மா எதிர்க்கரைப் பாறையைக் காட்டி, "அதைத் தாண்டாதீங்க, காத்து இழுத்துடும்" என்றார். அது மட்டும் நினைவில் இருந்தது.

கரைவீடு:
எல்லோருக்கும் நன்றி. இன்று லேபிளைப் பார்த்தேன், எல்லாமே 50, குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டேன். பாலிசிக் கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை இந்த வாரம் வருபவர்களுக்குக் கயாக் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.