மறு: ‘வொர்க்ஹோல்டிங்’ – பிடிப்பு என்றால் போதுமா?

> கிளாம்ப், ஸ்டாப், ஃபிக்சர் மூன்றுக்கும் ‘பிடிப்பான்’ என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. வொர்க்ஹோல்டிங் என்பது வெட்டும் பொருளை நகராமல் நிறுத்துவது. சிஎன்சி ரவுட்டர் (கணினி நிரல்படி பலகையைச் செதுக்கும் இயந்திரம்) மேசையில் பலகையை ஏற்றும்போது நடப்பது இரண்டு வேலை. முதலில், இருக்க வேண்டிய இடத்தில் அதை இருத்துகிறோம். பிறகுதான் இறுக்குகிறோம். இரண்டையும் ‘பிடிப்பு’ என்று ஒன்றாக்கிவிட்டால், “நன்றாகத்தானே முடுக்கினேன், துளை எப்படி 2 மி.மீ. தள்ளி விழுந்தது?” என்று கேட்கும் மாணவனுக்கு என்ன பதில் சொல்வது? இறுக்கியது சரி, இருத்தியதுதான் தப்பு என்று சொல்ல நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

3-2-1 விதியையே பாருங்கள். அடியில் 3 புள்ளி, நீளப் பக்கத்தில் 2, குறுகிய பக்கத்தில் 1. பொருளின் இடம் இந்த ஆறில் முடிவாகிவிடுகிறது. ஆனால் ஆறில் ஒன்றுகூட எதையும் பிடிப்பதில்லை, பொருள் அவற்றில் முட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் ஸ்டாப்புக்கு ‘முட்டு’. மேசைத் துளையில் செருகும் டவல் பின்னுக்கு ‘முளை’ என்ற பழஞ்சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? இருபுறமும் செதுக்கப் பலகையைப் புரட்டிப் போடும்போது இந்த முளைகளை நம்பித்தான் போடுகிறோம்.

கிளாம்ப், ‘கவ்வி’யாகவே இருக்கட்டும். முட்டும் முளையும் கவ்வியும் சேர்ந்த ஃபிக்சரை ‘இருத்துச்சட்டம்’ எனலாம். ஜிக் வேறு, அது வெட்டுக்கருவிக்கு வழிகாட்டுவது. சிஎன்சியில் அந்த வேலையை நிரலே பார்த்துக்கொள்கிறது.

வேக்யூம் டேபிளுக்கு யாரோ ‘உறிஞ்சுமேசை’ என்றிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேசை எதையும் இழுப்பதில்லை. பலகைக்கு அடியிலுள்ள காற்றை எடுத்துவிட, மேலே உள்ள காற்று அதை அழுத்துகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ, அதுதான் உச்சம். 5 × 5 செ.மீ. துண்டுக்கு எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் 25 கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவும் கீழ்நோக்கி, பக்கவாட்டில் உராய்வு மட்டுமே துணை. சின்னத் துண்டு வழுக்கிப் பறப்பது இதனால்தான். ‘வெற்றிட மேசை’ என்றால் தப்பான படம் மனதில் பதியாது.

ஸ்பாயில்போர்டுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

—

> ஸ்பாயில்போர்டுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

‘காவுப்பலகை’? மேசையில் வெட்டு விழாமல் இருக்கத் தன்னைக் கொடுக்கிற எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைதானே அது. மேல் தோலைச் சீவிவிட்டால் அதன் வழியே காற்றும் போகும், வெற்றிட மேசைக்கும் ஆகும்.

முட்டு, முளை இரண்டும் கை தட்ட வைக்கின்றன. மேசையில் ஏற்றி வெட்டும் பொருளுக்குச் சொல்கிற ‘பணிப்பொருள்’ மட்டும் எங்கள் பட்டறையில் ஏறாது ஐயா, அது என்றைக்கும் ‘ஜாப்’தான்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. படிக்கட்டுக் கவ்வியின் மூக்கு ஜாபை அழுத்தும், பின்முனை ஒரு கட்டைமேல் உட்காரும். அந்தப் பின்முனைக்கு அடியில் வைக்கும் கட்டைக்கு என்ன பெயர்? அது ஜாபைவிட ஒரு நூல் உயரமாக இருக்க வேண்டும். ஒருமுறை தாழ்வாக வைத்து முடுக்கினேன். கவ்வியின் மூக்கு தூக்கிக்கொண்டது, ஜாபின் ஓரம் நசுங்கியது, பாதி வெட்டில் பலகை திரும்பிவிட்டது. ‘முட்டுக்கட்டை’ என்று எழுதப் போனேன், ஆனால் முட்டு இப்போது ஸ்டாப்புக்குப் போய்விட்டதே!

—

‘அண்டைக்கட்டை’ என்று வைத்துப் பாருங்கள். அண்டை கொடுப்பதுதானே அதன் வேலை.