சன்னல் மாற்றுகிறோம்: 10 ஆண்டு வாரண்டியா, 3 ஆண்டு வாரண்டியா?

செங்காங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம். பழைய சன்னல்களை எல்லாம் மாற்ற வேண்டும். எல்ஆர்டி ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுவதால் படுக்கையறைக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி போடுகிறோம். இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் "10 ஆண்டு வாரண்டி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மற்றவர் 3 ஆண்டுதான் தருகிறார், ஆனால் ஒரு பக்கம் முழுக்க நிபந்தனைகள் எழுதியிருக்கிறார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். 10 ஆண்டுக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஈசூன் அக்கா:
அந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. எங்களுக்கும் 10 ஆண்டு என்றுதான் சொன்னார்கள். டிசம்பர் மழையில் சன்னலின் கீழ் மூலையில் நீர் கசிந்து, உள்சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கூப்பிட்டால், "வாரண்டி அலுமினியச் சட்டத்துக்குத்தான், சிலிக்கானுக்கு இல்லை" என்றார்கள். சிலிக்கான் என்றால் இடைவெளியை அடைக்கும் பசை. வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் வேறு. சட்டம் எங்கே கெட்டுப்போகிறது? தண்ணீர் உள்ளே வருவது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். நீர்க்கசிவு என்ற சொல் வாரண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கண்ணாடி வேலை:
இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அக்கா சொன்னது சரி. சன்னல் என்பது ஒரே பொருள் இல்லை. சட்டம், பவுடர் கோட்டிங் (சட்டத்தின் மேல்பூச்சு), கண்ணாடி, கைப்பிடி, ஃபிரிக்‌ஷன் ஸ்டே (திறந்த சன்னலைத் தாங்கி நிறுத்தும் கை), ரப்பர், சிலிக்கான், அப்புறம் பொருத்தும் வேலை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் தளர்வது பெரும்பாலும் ஃபிரிக்‌ஷன் ஸ்டேயும் கைப்பிடியும்தான். பொருள் இலவசம், ஆள் கூலி உங்களுடையது என்றால் அது பாதி வாரண்டி. உயரமான மாடியில் வெளிப்பக்கம் வேலை வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இரட்டைக் கண்ணாடி போடுவதால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓரத்து சீல் விட்டுப்போனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஈரம் புகுந்து பனி படிந்த மாதிரி ஆகிவிடும். எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். "சீல் பழுது" அல்லது "உட்புற ஈரம்" என்று வாரண்டியில் தனியாக இருக்க வேண்டும். டெம்பர்டு கண்ணாடி (சூடேற்றி வலுவாக்கியது) என்றால் இன்னொன்று. உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் யாரும் தொடாமலே ஒருநாள் நொறுங்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். "உடைந்தால் பொறுப்பில்லை" என்று பொதுவாக எழுதியிருந்தால், தானாக உடைவதற்கு விதிவிலக்குக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு வேறு ஆளை வைத்துக் கம்பி கிரில் போடப் போகிறீர்களா? சட்டத்தில் துளை போட்டாலே வாரண்டி செல்லாது என்று பலர் எழுதுகிறார்கள்.

தோ பாயோ தம்பி:
ஆளைப் பற்றியும் பாருங்கள் அக்கா. வீவக வீட்டில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்தக்காரர்தான் வேலை செய்ய வேண்டும். வாரண்டி இருந்தாலும் பராமரிப்புக் கடமை நம்முடையதே. பராமரிக்காமல் விட்டுச் சன்னல் கீழே விழுந்தால் வீட்டுக்காரருக்கு 10,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிவெட், திருகுகளைப் பார்த்துவிடுங்கள்.

தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை கேட்கலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வாய்ப்பேச்சை விட எழுத்துதான் கைகொடுக்கும். வாட்ஸ்அப்பில் சொன்னதையும் பத்திரமாக வையுங்கள்.

செங்காங்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இருவரிடமும் கேட்டுவிட்டேன். 3 ஆண்டுக்காரரின் தாளில் நீர்க்கசிவு, சீல், ஆள் கூலி மூன்றும் இருக்கின்றன. தானாக உடைவதையும் சேர்த்து எழுதித் தருகிறேன் என்றார். 10 ஆண்டுக்காரரிடம் அதையே எழுதித் தரச் சொன்னால், "நம்பிக்கைதான் முக்கியம், சிஸ்டர்" என்கிறார். 3 ஆண்டுக்காரருக்கே கொடுக்கப் போகிறோம். வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்கும் என்று போட வேண்டும்?

கண்ணாடி வேலை:
வேலை முடிந்து நீங்கள் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து. முன்பணம் கட்டிய நாள் என்று போட்டால் தயாரிப்புக் காலம் வீணாகும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவரையே ஹோஸ் வைத்து வெளிப்பக்கம் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், மூலைகளில் விரல் வைத்துப் பாருங்கள்.

ஈசூன் அக்கா:
வாரண்டித் தாளில் கம்பெனி முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கட்டும். வெறும் விற்பனையாளர் பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.