அப்பாவுக்கு ஃப்ளூ ஊசியா, வைட்டமின் மாத்திரையே போதுமா?

நீடாமங்கலத்தான்:
அப்பாவுக்கு 68 வயது, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. சம்பா நடவு வந்துவிட்டால் மழை வெயில் பார்க்காமல் வயலிலேயே கிடப்பார். போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே ஃப்ளூ ஊசி போடுங்கள் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலோ, ஊசியெல்லாம் வியாபாரம், வைட்டமின் சி, டி, ஜிங்க் சாப்பிட்டால் போதும் என்று ஒரே சண்டை. சித்தப்பா மாத்திரையே வாங்கி வந்து கொடுத்துவிட்டார். எதைக் கேட்பது?

வலங்கைமான் வாசி:
எங்க அம்மாவுக்கு ஊசி போட்டும் அந்த வருஷம் காய்ச்சல் வந்தது. வருஷா வருஷம் கைக்காசு போட்டுப் போடு என்றால் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் யாரால் முடியும்? நெல்லிக்காய், நல்ல சாப்பாடு, இதைப் பற்றி எந்த டாக்டரும் வாய் திறப்பதில்லை.

மருந்துக்கடை, கும்பகோணம்:
அண்ணே, காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம், வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அரசே இலவசமாகப் போட வேண்டும். ஆனால் மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லாமே ஃப்ளூ இல்லை, மற்ற வைரஸ்களை இந்த ஊசி தடுக்காது. ஃப்ளூவிலும், அந்த வருஷத்து வைரஸோடு ஊசி ஒத்துப்போனால், டாக்டரிடம் ஓடுகிற அளவுக்கு வருவதை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஊசியில் எந்தெந்த வைரஸ் வகை சேர வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது, நாமும் வருஷா வருஷம் போட வேண்டியிருக்கிறது.

வைட்டமின் சி பேச்சு 1970களில் லினஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி கிளப்பிவிட்டது. இரண்டு நோபல் வாங்கியவர் என்பதால் உலகமே நம்பியது. அப்புறம் சோதித்துப் பார்த்ததில், தினமும் சாப்பிட்டு வந்தாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை, பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவுதான். நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் ஊசிக்குப் பதில் அது இல்லை.

எனக்குப் பயமே வைட்டமின் டி பாக்கெட்டில்தான். 60,000 யூனிட் என்று அச்சடித்த சின்னப் பாக்கெட், பாலில் கலக்கிக் குடிப்பது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்றாகக் குடித்துவிட்டு வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகமே கெட்டுப்போகலாம், சர்க்கரைக்காரருக்கு அது தேவையா? பரிசோதித்து, குறைவு என்று தெரிந்தால் மட்டும் டாக்டர் சொல்கிற அளவில் கொடுங்கள். சித்தப்பா கொடுத்த டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் படித்துப் பாருங்கள் தம்பி.

நீடாமங்கலத்தான்:
பார்த்தேன் அண்ணே, டியும் இருக்கிறது. டாக்டரிடம் காட்டாமல் கொடுக்கப்போவதில்லை. ஊசியால் காய்ச்சல் வருமாமே? மழை தொடங்கிவிட்டால் போடக்கூடாதா?

செவிலியர் அக்கா, திருவாரூர்:
ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ் தம்பி, அதனால் ஃப்ளூ வராது. கை வலி, ஒன்றிரண்டு நாள் உடம்பு வலி, லேசான சூடு சிலருக்கு இருக்கும். பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும், நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழையோடுதான் ஃப்ளூவும் கூடும், அதனால் புரட்டாசியிலேயே போடுவது நல்லது. தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மழை நடுவிலும் போடலாம். அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் விட்டபிறகு கூட்டிப் போங்கள். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறல் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிமோனியாவுக்குத் தனி ஊசி உண்டு, அப்பாவுக்குப் போன வருஷம் நெஞ்சுவரை போயிருப்பதால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.