மார்க்கெட், ஃபேர், பஜார்: பொருள் வேறுபாடு என்ன?

கேள்வி:
வணக்கம். மொழிபெயர்ப்பில் மார்க்கெட், ஃபேர், பஜார் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் ‘சந்தை’ என்றே எழுதி வந்தேன். ஒரே பத்தியில் மூன்றும் அடுத்தடுத்து வந்தபோதுதான் தடுமாறினேன். இவற்றை எவ்வாறு வேறுபடுத்துவது?

மறுமொழி 1:
இடைக்கால இங்கிலாந்தில் மார்க்கெட் என்பது பெரும்பாலும் வாரந்தோறும் கூடியது. சுற்றுவட்டார மக்கள் முட்டை, வெண்ணெய், தானியம் வாங்கிச் செல்வர். ஃபேர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, புனிதர் ஒருவரின் திருநாளையொட்டிக் கூடும். தொலைதூர வணிகரும் வருவர். திருநாளைக் குறிக்கும் ‘ஃபெரியா’ என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். 1133 முதல் 1855 வரை லண்டனில் நடந்த பார்த்தலோமியு ஃபேர் துணி வணிகத்துக்குப் பெயர்பெற்றிருந்தது. பிற்காலத்தில் அங்கே வேடிக்கைக் காட்சிகளே மிகுந்தன. ஆகவே அதைத் ‘திருவிழாச் சந்தை’ என்பதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
பஜார் பாரசீகச் சொல். கடைகள் வரிசையாக அமைந்த தெருவுக்குக் ‘கடைத்தெரு’ என்றே எழுதலாம். ஆனால் ஆங்கிலேயர், அறப்பணிக்கு நிதி திரட்டும் விற்பனையையும் பஜார் என்பர்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. என் பத்தியில் வருவது தேவாலய வளாகத்தில் ஒரு நாள் மட்டும் நடந்த பஜார். அதை ‘நிதி திரட்டும் விற்பனை’ என மாற்றிவிட்டேன்.