நாஜி ஜெர்மனியில் சாதாரண சனங்க: பயமா, சம்மதமா?

அரச்சலூர் வாத்தியார்:
வணக்கமுங்க. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஹிட்லர் ஆட்சி பற்றி ஒரு மணி நேரம் பேசணும். போர், முகாம்கள் எல்லாம் பாடத்திலேயே இருக்கு. பிள்ளைங்க கேக்கறது வேற: "பக்கத்து ஊட்டுக்காரங்களை இழுத்துட்டுப் போறப்ப மத்தவங்க என்ன பண்ணுனாங்க?" வீதிக்கு வீதி ஒற்றர்கள் இருந்ததால வாயைத் திறக்கலைன்னு சொன்னாப் போதுமுங்களா?

நொய்யல்கரை:
போதாதுங்க சார். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவில் ஆளே கம்மி. எஸ்ஸன் நகரத்தில் சுமார் 6,50,000 பேருக்கு 43 அதிகாரிகள்தான். இவங்களை வெச்சு ஊரையே ஒட்டுக்கேட்க முடியாது. வூர்ஸ்பர்க் நகரத்துக் கெஸ்டபோ கோப்புகள் அழியாம மிஞ்சுனதுல விஷயம் தெரிஞ்சுது: யூதர்களோடு பழகியதாகத் தொடங்கிய வழக்குகளில் பாதிக்கு மேல் பொதுசனம் கொடுத்த புகாரால் வந்தவை. பல புகார்களுக்குப் பின்னால் இருந்தது கொள்கை இல்லீங்க. வாடகைத் தகராறு, குடும்பச் சண்டை, தொழில் போட்டி. ஆட்சியைப் பழித்துப் பேசினாலே குற்றம்னு 1934 டிசம்பரில் சட்டம் வந்த பிறகு, வேண்டாதவனை உள்ளே தள்ள ஒரு கடுதாசி போதும்.

ஒற்றனைவிட அன்றாடம் கண்ணில் பட்டவர் நாஜிக் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். ஒருத்தருக்கு 40 முதல் 60 குடும்பம். 1933 அக்டோபரில் இருந்து குளிர்காலத்தில் மாசம் ஒரு ஞாயிறு ஊட்டுக்கு ஊடு ஒரே பானைச் சமையல்தான். செலவு 50 பிஃபெனிக்குள் (ஜெர்மன் சில்லறைக் காசு) இருக்கணும், மிச்சக் காசை வாசலுக்கு வர்றவர்கிட்ட நன்கொடையாகக் கொடுக்கணும். கொடுக்காதவர் யாருன்னு வீதிக்கே தெரியும். இணக்கம் வளர்ந்தது இப்படித்தான்.

தாளவாடி:
நொய்யல்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கணுமுங்க. ஆள் கம்மின்னா பயம் இல்லைன்னு பிள்ளைங்க எடுத்துக்கக் கூடாது. 1933 மார்ச்சிலேயே டாகாவ் முகாம் திறந்தாச்சு. கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்தார் முதல் சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கில் உள்ளே போனாங்க. எதிர்ப்பைத் திரட்டத் தெரிந்தவர்களை முதலில் ஒழிச்சுட்டாங்க. மத்தவங்க சும்மா இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆதாயமும் உண்டு. ஹாம்பர்க்கில் யூதர்களிடம் பறிச்ச மேசை, நாற்காலி, துணிமணி பொது ஏலத்துக்கு வந்தப்ப வாங்கினவங்க சாதாரண குடும்பங்கள்தான்.

வகுப்பில் ஹாம்பெல் தம்பதி கதையை எடுங்க. பெர்லின் தொழிலாளி குடும்பம். மனைவியின் சகோதரர் 1940 போரில் செத்த பிறகு ஹிட்லருக்கு எதிராக 200க்கு மேல் அஞ்சலட்டைகள் எழுதி, மாடிப்படிகளில் போட்டுட்டு வந்தாங்க. பெரும்பாலானவை உடனே போலீஸ் கைக்குப் போயிருச்சு. 1943 ஏப்ரலில் இரண்டு பேரையும் கொன்னாங்க. அட்டையை எடுத்தவர் கிழித்துப் போடாமல் ஏன் கொண்டுபோய்க் கொடுத்தார்னு கேளுங்க. பயமா, விசுவாசமா, வேற யாராவது பாத்திருப்பாங்கங்கற சந்தேகமா? மூன்றும் ஒரே கையில் இருந்திருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கே இருபது நிமிஷம் கொடுங்க.

சென்னிமலை:
எதிர்த்துப் பலன் கண்டதும் உண்டு, மறந்துடாதீங்க. மனநலக் காப்பகங்களில் இருந்த நோயாளிகளை அரசே கொன்றதை 1941 ஆகஸ்ட் 3 அன்று கத்தோலிக்க ஆயர் (பிஷப்) காலன் பிரசங்கத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே மாதம் 24ஆம் தேதி ஹிட்லர் நச்சுவாயுக் கொலைகளை நிறுத்தச் சொன்னார். அதற்குள் சுமார் 70,000 பேர் போயாச்சு. பிறகு மருத்துவமனைகளில் ரகசியமாகத் தொடர்ந்தது. யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றியபோது ஆயர்களிடமிருந்து இப்படி ஒரு பகிரங்கக் குரல் எழலைங்கறதையும் சேர்த்தே சொல்லணும்.

1943இல் பெர்லின் ரோசன்ஸ்ட்ராச தெருவில், பிடிச்சு அடைச்சிருந்த யூதக் கணவர்களை விடச் சொல்லி மனைவிமார் ஒரு வாரம் நின்னாங்க. பெரும்பாலானவர்களை விட்டுட்டாங்க. போராட்டத்தால்தான் விட்டாங்களா என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் ஒத்த கருத்து இல்லை, அதனால "பணிய வைத்தார்கள்"னு அடிச்சுச் சொல்லாதீங்க.

இன்னொன்று: 1936 ஹாம்பர்க் கப்பல் கட்டுந்தளப் படத்தில், கூட்டமே நாஜி வணக்கம் வைக்கறப்ப கை தூக்காமல் நிக்கறவரைக் காட்டுறதா இருந்தா, பெயர் போடாமல் காட்டுங்க. அவர் யார்னு உறுதியாகலை.